ஹாம்பர்க் வாய் திறக்காத ஒன்பது நாட்கள்

1892-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். வட ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரத்தில் வழக்கத்துக்கு மாறான வெயில். எல்ப் நதியில் நீர்மட்டம் இறங்கி, தண்ணீர் வெதுவெதுப்பாகக் கிடந்தது. மாதத்தின் நடுவில் ஒருநாள், துறைமுகப் பகுதியில் கழிவுநீர் வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டு விழுந்தார். அவருடைய வீடு ஒட்டியிருக்கும் ஊரான அல்டோனாவில் இருந்தது. பார்த்த மருத்துவர் உடனே சொல்லிவிட்டார், இது ஆசியக் காலரா என்று. அவருக்கு மேலே இருந்த அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. கிருமியைக் கண்டுபிடித்துக் காட்டினால்தான் அப்படி எழுத முடியும் என்றார். தொழிலாளி இறந்துபோனார். காலரா என்ற பெயர் காகிதத்தில் ஏறவில்லை.

அடுத்த ஓரிரு நாளில் இன்னொரு தொழிலாளி ஹாம்பர்க்கின் எப்பன்டார்ஃப் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இறந்தார். பிறகு இன்னும் சிலர். நகர அரசு தன் மக்களிடம் "ஊரில் காலரா இருக்கிறது" என்று சொன்னது ஆகஸ்ட் 24-ஆம் தேதி. முதல் நோயாளிக்கும் இந்த அறிவிப்புக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்பது நாட்கள். அந்த நாட்களில்தான் நகரத்தின் குழாய்கள் வழியாகக் காலராக் கிருமி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. நோய் அடங்கியபோது கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 17,000 பேருக்கு நோய், 8,600 பேர் சாவு. ஆறு லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊரில், பெரும்பாலும் ஆறே வாரத்தில்.

இதில் வியப்பு என்னவென்றால் அந்த ஆண்டு மேற்கு ஐரோப்பாவின் வேறெந்தப் பெரிய நகரத்திலும் இப்படி நடக்கவில்லை. காலராவின் ஐந்தாவது உலகப் பரவல் ரஷ்யாவில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது உண்மை. ஆனால் பெர்லினும் பிரெமனும் லண்டனும் தப்பித்துக்கொண்டன. ஹாம்பர்க்கின் வாசலிலேயே இருந்த அல்டோனாகூட ஓரளவு தப்பித்தது. பணத்தில் ஹாம்பர்க்குக்குக் குறை இல்லை. ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று அது. பிறகு ஏன் அங்கு மட்டும்?

காரணம் தெரிய அந்த ஊரை யார் ஆண்டார்கள் என்று பார்க்க வேண்டும். ஹாம்பர்க் ஜெர்மன் பேரரசுக்குள் இருந்தாலும் தன்னைத் தானே ஆண்டுகொண்ட நகர அரசு. மேலே 18 பேர் கொண்ட செனட். வணிகர்களும் சட்டம் படித்தவர்களும்தான் உறுப்பினர்கள், பதவி ஆயுள் முழுக்க. கீழே 160 பேர் கொண்ட குடிமக்கள் மன்றம். அதில் பாதி இடங்கள் வீட்டு உரிமையாளர்களுக்கும் பதவி வகித்த பெரிய மனிதர்களுக்கும் ஒதுக்கப்பட்டவை. மீதிப் பாதிக்கு ஓட்டுப் போடவும் பணம் கட்டிக் குடிமகன் உரிமை வாங்கியிருக்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு அதெல்லாம் எட்டாத விஷயம். இதே ஊரில், எல்லா ஆண்களுக்கும் ஓட்டு இருந்த பேரரசு நாடாளுமன்றத் தேர்தலில் 1890-இல் மூன்று இடங்களையும் சமூக ஜனநாயகக் கட்சி வென்றது! நகர மன்றத்திலோ அந்தக் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடையாது.

இப்படிப்பட்ட ஆட்சிக்குத் துறைமுகம்தான் உயிர். காலரா என்று ஒரு வார்த்தை வெளியே போனால் ஹாம்பர்க்கிலிருந்து புறப்படும் ஒவ்வொரு கப்பலையும் மற்ற நாட்டுத் துறைமுகங்கள் நாள் கணக்கில் ஒதுக்கி நிறுத்திவிடும். சரக்கு அழுகும், கடன் ஏறும், வாடிக்கை கைமாறும். போதாக்குறைக்கு ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயரும் ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் ஹாம்பர்க் வழியாகத்தான் கப்பல் ஏறினார்கள். அதுவும் நல்ல லாபம் தந்த வியாபாரம்.

அடுத்தது தண்ணீர். இந்தக் கதையின் உண்மையான வில்லன் அதுதான்.

1842-இல் ஹாம்பர்க்கில் ஒரு பெரிய தீ விபத்து நடந்து நகரத்தின் நடுப்பகுதி சாம்பலானது. அதன் பிறகு வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் புதிய குடிநீர்த் திட்டம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அந்தக் காலத்துக்கு அது பெருமைக்குரிய திட்டம்தான். நதியின் மேற்பக்கத்தில் தண்ணீரை எடுத்து, தொட்டிகளில் தேக்கி, குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். வடிகட்டுவது மட்டும் இல்லை. ஊர் வளர வளரத் தேக்கி வைக்கவும் நேரம் போதவில்லை. குழாயில் மீன் வந்தது, விலாங்கு வந்தது. கார்ல் கிரெப்பெலின் என்ற விலங்கியலாளர் ஹாம்பர்க் குடிநீர்க் குழாய்களில் வாழும் உயிரினங்களைப் பற்றி 1880-களில் ஓர் ஆய்வே எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆராய்ச்சிக்குக் காட்டுக்கும் கடலுக்கும் போவார்கள், இவருக்குச் சமையலறைக் குழாயே போதுமானதாக இருந்தது.

நகரத்தின் சாக்கடையும் அதே எல்ப் நதியில்தான் விழுந்தது, தண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே. கீழேதானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. எல்ப் நதியில் கடலின் ஏற்ற இறக்கம் உண்டு. கடல் ஏறும்போது துறைமுகத்து அழுக்கு நீர் மேல்நோக்கித் தள்ளப்படும். நதி வற்றிக் கிடந்த அந்த ஆகஸ்டில் அது தண்ணீர் எடுக்கும் வாய்வரைக்கும் போயிருக்கிறது.

அல்டோனாவின் நிலைமை பார்வைக்கு இதைவிட மோசம். அது எடுத்த தண்ணீர் ஹாம்பர்க்கின் சாக்கடை முழுவதும் கலந்த பிறகு வரும் தண்ணீர். ஆனால் அல்டோனா 1859-இலிருந்து அதை மணல் படுகைகளில் வடிகட்டித்தான் மக்களுக்குக் கொடுத்தது. இரண்டு ஊருக்கும் எல்லையாகச் சில தெருக்கள் இருந்தன. தெருவின் ஒரு பக்கம் ஹாம்பர்க், மறுபக்கம் அல்டோனா. ஒரே காற்று, ஒரே மண், ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி ஏழைகள். காலரா வந்தபோது ஹாம்பர்க் பக்கத்து வீடுகளில் சாவு விழுந்தது, எதிர்ப்பக்கம் பெரும்பாலும் விழவில்லை. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே ஒரு தொழிலாளர் குடியிருப்புக்கு மட்டும் ஏதோ வசதிக்காக அல்டோனாவின் குழாயிலிருந்து தண்ணீர் வந்தது. அங்கே முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தும் ஒருவருக்கும் காலரா வரவில்லை. மொத்தமாகப் பார்த்தால் ஹாம்பர்க்கில் ஆயிரம் பேருக்கு 13 பேர் செத்தார்கள், அல்டோனாவில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் சொச்சம்.

வடிகட்டும் நிலையம் வேண்டும் என்பது ஹாம்பர்க்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். செலவை யார் ஏற்பது, வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் வைக்கலாமா கூடாதா என்று செனட்டும் மன்றமும் இழுத்துக்கொண்டே போய், 1890 வாக்கில்தான் ஒரு முடிவுக்கு வந்தன. காலரா வந்து சேர்ந்தபோது நிலையம் பாதி கட்டிய நிலையில் நின்றது.

சரி, மறைத்த கதைக்கு வருவோம்.

நகரத்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிராவுஸ் என்பவர். முனிச் நகரத்து மேதை பெட்டன்கோஃபரின் கொள்கையை நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். காலரா தண்ணீரால் வருவதில்லை, மண்ணிலும் நிலத்தடி நீர்மட்டத்திலும்தான் காரணம் இருக்கிறது என்பது பெட்டன்கோஃபர் கட்சி. ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் வைத்துக் காலராக் கிருமியை உறுதிசெய்து எட்டு வருடம் ஆகியும் இந்தக் கட்சிக்கு ஆள் குறையவில்லை. ஹாம்பர்க் வணிகர்களுக்கு இது ரொம்பவும் இதமான கொள்கை. மண்தான் காரணம் என்றால் கப்பலை நிறுத்த வேண்டாம், கோடிக்கணக்கில் செலவு செய்து தண்ணீரை வடிகட்டவும் அவசரம் இல்லை.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். கிருமிதான் காரணம் என்பதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லாதவர்களே, அறிவிப்பு என்று வந்தபோது "கிருமியைக் காட்டு" என்று கேட்டார்கள். நோயாளியின் உடலிலிருந்து கிருமியை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டும்வரை அது ஆசியக் காலரா இல்லை. அதுவரை அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. 'உள்ளூர்க் காலரா' என்று ஒன்று. கோடைக்காலத்தில் எங்கும் வருகிற, ஆபத்துக் குறைந்த வயிற்றுக்கோளாறுக்கு வைத்த பெயர். இன்னொன்று 'பிரெஹ்-டுர்ஷ்ஃபால்'. அதைத் தமிழில் பெயர்த்தால் அப்படியே வாந்திபேதி! நம் ஊர்ப் பாட்டிகள் காலராவையே வாந்திபேதி என்றுதான் சொல்வார்கள், அந்தப் பெயரைக் கேட்டாலே நடுங்குவார்கள். ஹாம்பர்க்கில் அதே சொல் ஊரைத் தூங்கவைக்கப் பயன்பட்டது.

எப்பன்டார்ஃப் மருத்துவமனையின் இயக்குநர் ரும்ஃப் கிருமியை வளர்த்துப் பார்க்க முயன்றார். சரியாக வரவில்லை. அந்த வேலையில் தேர்ந்த நோயியல் மருத்துவர் ஓய்கன் ஃபிரெங்கல் விடுமுறையில் இருந்தார். அவர் திரும்பி வந்து ஆகஸ்ட் 22 வாக்கில் கிருமியைப் பிரித்துக் காட்டினார். அதற்குள் அல்டோனாக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கோக்கிடம் பயின்ற ஒரு ராணுவ மருத்துவரைக் கூப்பிட்டுப் பரிசோதித்து, மாதிரியைப் பெர்லினுக்கே அனுப்பிவிட்டார்கள். அல்டோனா பிரஷ்யாவின் ஊர். ஹாம்பர்க் செனட்டின் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பக்கத்து ஊர் அப்படி அனுப்பாமல் இருந்திருந்தால் ஒன்பது நாள் இன்னும் எத்தனை நாளாக நீண்டிருக்குமோ.

நியாயமாகப் பேசினால் கிராவுஸ் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கோடையில் வயிற்றுப்போக்கில் குழந்தைகளும் முதியவர்களும் சாவது அந்த ஊரில் புதிதல்ல. ஒரு சாவைப் பார்த்ததும் காலரா என்று கூவி, பிறகு இல்லை என்று ஆகியிருந்தால் ஒரு லட்சம் பேர் பிழைப்பில் மண் விழுந்திருக்கும். அதில் ஏழைத் தொழிலாளிகளும் அடக்கம். ஒன்றிரண்டு நாள் பொறுத்திருந்தால் அது தயக்கம். ஆனால் வரிசையாக ஆட்கள் வந்து விழுந்துகொண்டிருந்தபோது "சந்தேகம் இருக்கிறது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று ஒரு வரி போட என்ன தடை? அதற்கு ஆய்வகம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். காலரா என்ற சொல்லைக்கூட உச்சரிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வரிதான் வரவில்லை. தயக்கம் எந்த நாளில் பொய்யாக மாறியது என்று கோடு கிழிப்பது கஷ்டம், ஆனால் மாறிவிட்டது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் 'மொராவியா' என்ற கப்பல் குடிபெயரும் மக்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்குக்குப் புறப்பட்டது. ஹாம்பர்க்கில் நோய் எதுவும் இல்லை என்ற சுகாதாரச் சான்றிதழோடுதான் புறப்பட்டது. மாதக் கடைசியில் நியூயார்க்கை அடைவதற்குள் நடுக்கடலில் 22 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். உடனே அமெரிக்க அதிபர் ஹாரிசனின் அரசு குடிபெயர்வோரை ஏற்றிவரும் கப்பல்களை 20 நாள் ஒதுக்கி வைக்க உத்தரவு போட்டது. ஹாம்பர்க் எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதோ அதுவே பல மடங்காகத் திரும்பி வந்தது. ஹாம்பர்க்கின் கப்பல் மட்டுமல்ல, ஹாம்பர்க்கின் சான்றிதழும் செல்லாமல் போனது.

ஆகஸ்ட் 24 காலையில் கோக் பேரரசின் சார்பாக ஹாம்பர்க் வந்து இறங்கினார். முதலில் மருத்துவ அலுவலகத்துக்குப் போனார். அங்கே கிராவுஸ் இன்னும் வந்திருக்கவில்லை, காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு எப்பன்டார்ஃப் மருத்துவமனைக்குப் போய், உங்களிடம் காலரா நோயாளிகள் இருக்கிறார்களா என்று ரும்ஃபைக் கேட்டார். ஆமாம், இருக்கிறார்கள் என்று ரும்ஃப் நேராகப் பதில் சொன்னார். கோக் தன்னோடு வந்தவரிடம் திரும்பி, ஹாம்பர்க்கில் உண்மை பேசிய முதல் மனிதர் இவர்தான் என்ற பொருளில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய சந்துக் குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்தபோது அவர் சொன்னது இதைவிடப் பிரபலம். ஐரோப்பாவில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது என்றார். (கல்கத்தாவைப் பார்த்துவிட்டு வந்தவர் இப்படிச் சொன்னதில் நமக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் வரத்தான் செய்யும். ஆனால் ஹாம்பர்க் பெரிய மனிதர்களுக்கு அன்று விழுந்த அடி அது.)

கோக் வந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. கூட்டம் கூடத் தடை, பள்ளிகளுக்கு விடுமுறை, வீடுகளுக்குக் கிருமிநாசினி, தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி அறிவிப்பு, தெருத்தெருவாகக் கொதிக்க வைத்த தண்ணீரை விநியோகிக்க வண்டிகள். ஆனால் அதற்குள் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசியில் ஆயிரத்தை எட்டும் அளவுக்குப் புதிய நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். நோயாளிகளை ஏற்ற வண்டிகள் போதவில்லை. ஓல்ஸ்டார்ஃப் இடுகாட்டில் இரவும் பகலும் குழி வெட்டினார்கள். வசதி உள்ளவர்கள் ரயில் ஏறிப் போய்விட்டார்கள். போகாத பணக்காரர் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேலைக்காரி இருந்தாள், அடுப்புக்கு நிலக்கரியும் இருந்தது. சந்துக்குள் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராக வாழ்ந்த குடும்பத்துக்கு இரண்டும் இல்லை. வருமானம் குறையக் குறையச் சாவு கூடியது அந்த ஆண்டின் கணக்குகளில் தெளிவாகவே தெரிகிறது.

அறிவிப்புத் துண்டறிக்கையை அச்சடித்தாயிற்று, அந்தச் சந்துகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? செனட்டின் ஆட்களுக்கு அங்கே வழி தெரியாது. போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். கடைசியில் செனட் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்களின் உதவியைக் கேட்டது. இரண்டு வருடம் முன்புவரை தடைச்சட்டம் போட்டு விரட்டப்பட்ட, நகர மன்றத்துக்குள் நுழைய முடியாத அதே கட்சி! அவர்கள் மறுக்காமல் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். அரசு சொல்வதை மக்கள் நம்ப, அரசை நம்பாதவர்களின் கை தேவைப்பட்டது.

பெட்டன்கோஃபர் மட்டும் கடைசிவரை மசியவில்லை. 1892 அக்டோபர் 7-ஆம் தேதி, ஹாம்பர்க் நோயாளியிடமிருந்து வளர்க்கப்பட்ட கிருமியை முனிச்சில் தானே குடித்துக் காட்டினார். வயது 73. லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். தன் கொள்கைக்காக உயிரைப் பணயம் வைத்தவர் என்ற வகையில் அவருக்கு ஒரு வணக்கம் போடலாம். ஆனால் ஹாம்பர்க்கில் அந்தப் பரிசோதனையைத் தெரியாமலே செய்தவர்களில் 8,600 பேர் தப்பிக்கவில்லை.

கிராவுஸ் பதவியிலிருந்து விலகினார். துறைமுகத்துக்கென்று தனி மருத்துவராக பெர்ன்ஹார்ட் நோஹ்ட் என்பவர் 1893-இல் நியமிக்கப்பட்டார். அவர் தலைமையில் 1900-இல் தொடங்கிய வெப்பமண்டல நோய் நிலையம் இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. 1896-இல் குடிமகன் உரிமைக்கான கட்டணம் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் பல ஆயிரம் பேருக்கு நகரத் தேர்தலில் ஓட்டுக் கிடைத்தது. கொள்ளைநோயை உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை ஜெர்மனி முழுவதற்கும் பொதுவாக்கிய சட்டம் 1900-இல் வந்தது.

ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வடிகட்டும் நிலையத்தை ராத்திரி பகலாக வேலை பார்த்து 1893 மே மாதத்தில் முடித்துவிட்டார்கள். கால்டேஹோஃபே என்ற தீவில் அந்தப் பழைய மணல் படுகைகளும் அவற்றின் கரையில் நிற்கும் சின்னச் சின்னச் செங்கல் வீடுகளும் இன்றும் இருக்கின்றன. இப்போது அங்கே ஒரு தண்ணீர் அருங்காட்சியகம் நடக்கிறது. ஹாம்பர்க் நகர்மன்றக் கட்டடத்தின் உள்முற்றத்திலும் அந்த ஆண்டின் நினைவாக ஒரு நீரூற்று இருக்கிறது. நடுவில் கிரேக்கர்களின் ஆரோக்கிய தேவதை ஹைஜீயா நிற்கிறாள், காலடியில் கொள்ளைநோயைக் குறிக்கும் ஒரு பறவை நாகம். செனட்டின் கூட்டம் நடப்பது அதே கட்டடத்தின் மாடியில்தான்.